கெமிஸ்ட் அம்மாவின் கதைத் துணி

கெமிஸ்ட் அம்மா எங்கள் அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் கையில் ஓர் ஐந்தடுக்குப் பித்தளை டிபன் கேரியர் இருந்தது. இவ்வளவு சாப்பிடுகிற அம்மாவா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். அவர் அதை மேசைமேல் வைத்து ஒவ்வோர் அடுக்காகக் கழற்றினார். உள்ளே பஞ்சில் புதைத்த கண்ணாடிக் குப்பிகள், சொட்டு விடும் குழாய்கள், இடுக்கிகள், எலும்புக் கைப்பிடி போட்ட ஒரு பூதக்கண்ணாடி. கடைசி அடுக்கில் மட்டும் தயிர்சாதம் இருந்தது. நான்கு அடுக்கையும் மேசையில் பரப்பிவிட்டு, ஐந்தாவதை ஜன்னலோரம் ஒதுக்கி வைத்தார். அந்த ஜன்னல் அதுவரை என்னுடையது. மதியத்துக்கு முன் வெளிச்சம் நன்றாக விழும் என்பதால் என் வரைபலகையை அங்கேதான் சாய்த்து வைப்பேன். மறுநாள் காலையில் வந்து பார்த்தபோது பலகை அடுத்த ஜன்னலுக்குப் போயிருந்தது. எங்கள் தலைவர் கியூரேட்டர் சொல்லி நகர்த்தினார்களாம்.

நான் நகரிப் பக்கத்துக் கரும்புக்காட்டுக் குடும்பத்தில் பிறந்தவன். மதராஸுக்குப் போய் ஓவியம் படித்துவிட்டுத் திருப்பதியில் அந்த அருங்காட்சியகத்தில் சேர்ந்தபோது, "பொம்மைங்களுக்கு காவலா இருக்கவா படிச்சே?" என்று நைனா கேட்டார். காவல் இல்லை. வருகிற பொருளை வரைவது, போட்டோ எடுப்பது, சீட்டு எழுதி ஒட்டுவது. தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றிலும் என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். எட்டு வருஷம் அதைச் செய்தேன். செய்துகொண்டே கண்ணைப் பழக்கினேன். எந்தப் பொருள் வந்தாலும் கியூரேட்டர் என் பக்கம் திரும்பி, "ஏமய்யா, நீ என்ன சொல்றே?" என்பார். அவர் தெலுங்கர், பெரிய படிப்பு. அப்படிப்பட்டவர் என்னைக் கேட்கிறார் என்பதுதான் என் சம்பளத்தைவிட எனக்குப் பெரிதாக இருந்தது.

கெமிஸ்ட் அம்மா திருப்பதியிலேயே பிறந்தவர். தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கரியம் செய்த வைஷ்ணவக் குடும்பம். ரசாயனம் படித்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வந்த இரண்டாவது மாதத்தில், சித்தூரிலிருந்து ஒரு வக்கீல் தங்கப்பூச்சுப் படம் ஒன்றைக் கொண்டுவந்தார். நான் பார்த்தேன். பலகை கறுத்து, பூச்சி அரித்து, ஓரம் உதிர்ந்து இருந்தது. "நூறு வருஷம் இருக்கும் சார்" என்றேன். கெமிஸ்ட் அம்மா பூதக்கண்ணாடியை வைத்துக் கொஞ்ச நேரம் குனிந்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, மிக மெதுவாக, வக்கீலுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "பலகை நூறு வருஷம்தான் சார், நீங்க சொன்னது சரி. ஆனா பூச்சி அரிச்ச ஓட்டைக்குள்ள பெயிண்ட் இறங்கியிருக்கு பாருங்கோ. பூச்சி சாப்பிட்ட அப்புறம்தான் படம் போட்டிருக்கா."

பார்த்தேன். இறங்கித்தான் இருந்தது. எட்டு வருஷமாக எத்தனையோ ஓட்டைகளைப் பார்த்தவன், ஒன்றுக்குள்ளும் எட்டிப்பார்க்கவில்லை. அவர் என்னை யார் முன்னாலும் தாழ்த்தவில்லை. தாழ்த்தியிருந்தால் கோபித்துக்கொண்டு ஆறியிருப்பேன். "நீங்க சொன்னது சரி" என்று ஆரம்பித்தாரே, அது என் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு கியூரேட்டர் கேள்வி கேட்கும்போது அவர் கழுத்து திரும்பிய திசை மாறிவிட்டது. "ஏமம்மா, நீ சொல்லு." நான் தூரிகையைக் கழுவிக்கொண்டிருப்பேன். தண்ணீர் தெளிந்த பிறகும் கழுவிக்கொண்டிருப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் கதைத் துணி வந்தது. அது என் கண்டுபிடிப்பு, அதைச் சொல்லிவிட வேண்டும். நகரிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில், அம்மன் கோயில் திருவிழாவின்போது பந்தலின் பின்னால் ஒரு பெரிய துணியைக் கட்டுவார்கள். இரண்டு ஆள் உயரம், எட்டு ஆள் நீளம். அம்மனின் கதை முழுவதும், பிறப்பு முதல் போர் வரை, கட்டம் கட்டமாக எழுதியிருக்கும். எழுதியிருக்கும் என்றுதான் அந்த ஊரில் சொல்வார்கள், வரைந்திருக்கும் என்று சொல்ல மாட்டார்கள். உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போனபோது தற்செயலாகப் பார்த்தேன். அதில் ஒரு யானை, முன்கால் மடித்துத் தண்ணீர் குடிக்கிற யானை, ஒரே கோட்டில் தும்பிக்கையிலிருந்து வால்வரை போயிருந்தது. அந்த மாதிரி ஒரு கோட்டை நான் ஜென்மத்தில் போட முடியாது. இரண்டு வருஷம் அந்த ஊருக்குப் போய்வந்து, கோயில் தர்மகர்த்தாவோடு பழகி, துணியை எங்களிடம் தரச் சம்மதம் வாங்கினேன். துணியில் படம் எழுதுகிற காளஹஸ்திக்காரர்களிடம் புதிதாக ஒன்று எழுதி வாங்கிக் கொடுப்பது, அதற்குப் பதிலாகப் பழையதை எடுத்துக்கொள்வது என்று பேச்சு.

அப்போது ஆந்திர ராஜ்யம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. எந்த ஊர் இந்தப் பக்கம், எந்த ஊர் மதராஸ் பக்கம் என்பதுதான் பஸ்ஸிலும் டீக்கடையிலும் பேச்சு. அந்த ஊர் மதராஸ் பக்கம் போகப்போகிறது என்று உறுதியாகிவிட்டது. போய்விட்டால் எங்கள் அலுவலகத்துக்கு அங்கே வேலை இல்லை. "கோடு போடறதுக்கு முன்னால முடிச்சுடணும்" என்று கியூரேட்டர் அவசரப்பட்டார். மூன்று பேரும் போனோம்.

துணியைக் கோயில் முன்னால் விரித்தார்கள். ஊரே சுற்றி நின்றது. "முழுக்க ஒரே கையால செஞ்சது, இருநூறு வருஷம்" என்று நான் கியூரேட்டரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் கெமிஸ்ட் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு, துணியை மிதிக்காமல் ஓரமாகவே மண்டியிட்டு நகர்ந்து ஒரு சுற்று வந்தார். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, "நடு பழசு சார். அப்பேர்ப்பட்ட வேலை. ஆனா சுத்தி இருக்கற ஓரம் அப்புறம் தைச்சது, சீமைச் சாயம். ரெண்டையும் சோதிச்சுப் பார்த்துடலாம்" என்றார். எனக்குக் காது சூடேறியது. இரண்டு வருஷமாகப் பார்த்த துணி. ஓரத்தில் வேறு தையல் இருப்பதை அவர் வாய் சொன்ன பிறகு என் கண் பார்த்தது.

நடுவிலிருந்து ஒரு நீல நூல், ஓரத்திலிருந்து ஒரு நீல நூல். இடுக்கியால் எடுத்து, ஒவ்வொன்றையும் காகிதத்தில் மடித்து என்னிடம் நீட்டினார். "உங்க கையெழுத்துதான் தெளிவா இருக்கும். நடு, ஓரம்னு எழுதிக் கொடுங்கோ சார்." சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குத் திரும்பிவிட்டார். அவருக்கு என்மேல் அத்தனை நம்பிக்கை. நான் பேனாவைத் திறந்தேன். முதல் பொட்டலத்தில் நடு என்று எழுத வேண்டும். ஓரம் என்று எழுதினேன். இரண்டாவதில் நடு என்று எழுதினேன். எழுத்து வழக்கம்போல அழகாக வந்தது.

அந்த நிமிஷம் நான் போட்ட கணக்கு இதுதான். கண் ஒன்று சொல்லி, சோதனை வேறொன்று சொன்னால் அவர் குழம்புவார். கியூரேட்டர் இருவரையும் பார்த்துவிட்டு, பழையபடி என் பக்கம் திரும்புவார். துணியும் வந்துவிடும், என் இடமும் வந்துவிடும்.

பழைய நாளில் நீலம் அவுரிச் செடியிலிருந்து எடுத்தது. அந்த நீலத்தின்மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டால் மஞ்சளாகி, ஓரத்தில் பச்சை வட்டம் கட்டும். சீமையிலிருந்து பிற்பாடு வந்த ரசாயனச் சாயம் அப்படிச் செய்யாது. "நடு" என்று எழுதிய நூலில் பச்சை வட்டம் வரவில்லை, "ஓரம்" என்று எழுதியதில் வந்தது. கெமிஸ்ட் அம்மா கியூரேட்டர் அறையில் என் எதிரிலேயே உண்மையைச் சொன்னார்: "என் கண்ணு பழசுங்கறது சார். டெஸ்ட் புதுசுங்கறது. எனக்கே புரியலை." கியூரேட்டர் யோசிக்கவே இல்லை. "கண்ணு தப்பு பண்ணும், கெமிஸ்ட்ரி தப்பு பண்ணாதம்மா. நீ செஞ்ச டெஸ்ட் எனக்குப் போதும்." அந்த அம்மாளின் கண்ணைவிடவும் அவர் விட்ட ஒரு சொட்டு அமிலத்தை நம்பினார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. துணி பழைய ஓரம் வைத்துத் தைத்த சமீபத்திய நகல், வேண்டாம் என்று ஊருக்குக் கடிதம் போனது. அதைத் தமிழில் எழுதியவனும் நானே.

பத்து நாள் கழித்துத் தர்மகர்த்தா திருப்பதிக்கு வந்தார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"எங்க துணி பொய்த் துணியாமே சார்? ஊருல அல்லாரும் சிரிக்கறாங்க. மெட்ராஸ்லேந்து ஒரு வியாபாரி வந்துகினு கீறாரு. படம் படமா வெட்டி எட்துகினு போறேன்றாரு. சர்க்காரே வேணான்னுட்ச்சு, குட்துடலாம்னு பசங்க சொல்றாங்க. நீங்க இன்னா சொல்றீங்க?"

அந்த யானையைக் கத்தரிக்கோலால் வெட்டுவார்கள் என்பது என் கணக்கில் இல்லை. உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். சொல்லவில்லை. உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த கெமிஸ்ட் அம்மா வெளியே வந்து, "ரெண்டு நாள் பொறுத்துக்கோங்கோ" என்று அவரிடம் சொன்னார். மறுநாள் லீவு போட்டுவிட்டு, குப்பிகளை எடுத்துக்கொண்டு தனியாகப் பஸ் ஏறினார்.

ஊரார் பார்க்கக் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, தானே நூலெடுத்து, தானே சொட்டு விட்டிருக்கிறார். பச்சை வட்டம் எங்கே வந்தது என்று பிள்ளைகள்கூடப் பார்த்தார்களாம். திரும்பி வந்ததும் நேரே கியூரேட்டர் அறைக்குப் போனார். நான் போட்டோக்களை வைத்துக்கொண்டு அங்கேதான் நின்றிருந்தேன்.

"சார், தப்பு என்னோடது. ரெண்டு பொட்டலமும் என் மேசையில இடம் மாறிடுத்து. நடுதான் பழசு. உடனே எடுத்துண்டுடணும்."

என் பக்கம் அவர் பார்க்கவில்லை. பொட்டலங்களில் பெயர் எழுதியிருந்தது. பெயர் எழுதிய பொட்டலம் மேசையில் எப்படி இடம் மாறினாலும் பெயர் மாறாது. கியூரேட்டருக்கு அது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. கெமிஸ்ட் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. "நீயா இப்படி?" என்று கேட்டார் கியூரேட்டர். பிறகு கவனக்குறைவு என்று அவருடைய பணிப் பதிவேட்டில் எழுதினார். அந்த வாரமே துணி வண்டியில் வந்து இறங்கியது. எல்லைக்கோடு பிறகுதான் விழுந்தது.

கியூரேட்டர் ஓய்வுபெற்றபோது அந்த நாற்காலிக்கு இருவர் பெயர் போனது. ஒரு பெயரில் அந்தக் கறை இருந்தது. எனக்குக் கிடைத்தது. பதினான்கு வருஷம் கெமிஸ்ட் அம்மா எனக்குக் கீழே வேலை செய்தார். காலையில் வந்து "நமஸ்காரம் சார்" என்பார். அந்தக் குரலில் குத்தல் இருக்கிறதா என்று தினமும் கேட்டுப் பார்த்தேன், இல்லை. என்னை மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் அதற்கும் வயிறு எரிந்தது. கண்ணும் அவரிடம், கையும் அவரிடம், பெருந்தன்மையும் அவரிடமேவா? பார்க்க வருகிறவர்கள் "கெமிஸ்ட் அம்மா துணி எங்கே சார்?" என்று என்னிடமே வழி கேட்பார்கள். இரண்டு வருஷம் அந்த ஊருக்கு அலைந்தது நான் என்று ஒருவரைப் பிடித்து வைத்துச் சொல்லியிருக்கிறேன். அவர் தலையாட்டிவிட்டு, "அந்த அம்மா இப்ப இருக்காங்களா?" என்று கேட்டார்.

அவர் ஓய்வுபெற்ற மறு வருஷம் மனசு தாங்காமல் அவர் வீட்டுக்குப் போனேன். கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்து. தங்கை காபி கொடுத்துவிட்டு உள்ளே போனார். தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன்.

"அம்மா, அந்தப் பொட்டலம் ரெண்டுலயும் நான்தாம்மா மாத்தி எழுதினது. தெரிஞ்சேதான் எழுதினேன்."

"தெரியுமே" என்றார், பேப்பரை மடித்தபடி.

"தெரிஞ்சும் என்னைக் காப்பாத்துனீங்க. இத்தினி வருசமா அதையே நெனச்சிக்கினு இருந்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் ஏதோ புரியாத பாஷையில் பேசியது போல என்னைப் பார்த்தார்.

"உங்களையா? உங்களைக் காப்பாத்தணும்னு நான் நினைக்கலையே சார். உங்க பேரைச் சொன்னா என்கொயரின்னு ஆரம்பிப்பா. துணியை சாட்சின்னு சித்தூர் கஜானாவுல போட்டுப் பூட்டுவா, இல்லேன்னா ஃபைல் முடியறவரைக்கும் தொடக்கூடாதும்பா. அதுக்குள்ள ஊர் அந்தப் பக்கம் போயிடும், அந்த வியாபாரி வெட்டிண்டு போயிடுவான். என் தப்புன்னு சொன்னா ஒரே நாள்ல முடிஞ்சுடும். அதான் சொன்னேன்."

"என்மேல கோவம் இல்லியா?"

"இருந்துது. ஒரு வாரம் இருந்திருக்கும். அப்புறம் துணி வந்துடுத்தே, வேலை சரியாப் போயிடுத்து."

அவ்வளவுதான். பதினான்கு வருஷம் அவருடைய மன்னிப்பின் நிழலில் நிற்கிறேன் என்று நான் வெந்துகொண்டிருந்தேன். அங்கே நிழலே இல்லை. அவர் மனசில் எனக்கென்று ஒரு மூலைகூட ஒதுக்கியிருக்கவில்லை. பகையாகவாவது வைத்திருக்கலாம். அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பொறாமைப்பட்டது அவர்மேல் அல்ல, அவர் மனசை முழுக்க நிரப்பியிருந்த ஒரு துணியின்மேல்.

"ஆமா சார்," என்றார் திடீரென்று நினைவு வந்தவராக, "மழை ஆரம்பிச்சுடுத்தே, அந்தத் துணியில காட்சிக்கு வைக்காத பாகத்தைச் சுருட்டி வெச்சிருக்கோமே, அதைப் பிரிச்சுக் காத்தாட விட்டாளா?"

கியூரேட்டர் நான். எனக்குத் தெரியவில்லை. "விசாரிச்சிட்டுச் சொல்றேம்மா" என்றேன்.

"விசாரிக்கறதுக்கு என்ன இருக்கு? வாங்கோ, பார்த்துடலாம்." காபியை நான் குடித்து முடிக்கும்வரைகூட அவர் காத்திருக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டிவிட்டார். சந்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கல்லுக்குக் கல் தாண்டி, அறுபதை நெருங்குகிறவர் என்று சொல்ல முடியாத வேகத்தில் போனார். நான் நனைந்தபடி பின்னால் போனேன். ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். அருங்காட்சியக வாசல்வரை அவர் திரும்பவே இல்லை.