அக்கரைக்கு எந்த ‘ர’?

கடலைப் பற்றிப் பேசுவதற்காக மலையேறி வந்தவர்களை நான் அந்த ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். எண்பதுகளின் ஆரம்பம். மலேசிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலரும் இந்தியாவிலிருந்து வந்த உறுப்பினர்கள் சிலரும் நல்லுறவுக் குழு என்று ஒன்று வைத்து, இரண்டு நாட்டுக்கும் நடுவிலிருக்கும் கடலைப் பற்றிக் கூடிப் பேசினார்கள். கோலாலம்பூரில் வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது. கடைசி நாள் பேச்சைக் கேமரன் மலையில், எங்கள் தேயிலைத் தோட்டத்து பங்களாவில் வைத்துக்கொண்டார்கள்.

அந்த பங்களாவில் என் அம்மா சமையல்காரி. நான் தேயிலை ஆலையில் பொட்டலம் கட்டும் பகுதியில் வேலை பார்த்தேன். விருந்து நாட்களில் அம்மாவுக்குக் கையுதவிக்குப் போவேன். அப்பா எங்களோடு இல்லை. தமிழ்நாட்டில் துறையூர்ப் பக்கம், அவர் பிறந்த ஊரில் இருந்தார்.

அப்பா சண்டை போட்டுக்கொண்டு போனவர் இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில், பிரஜை அல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தபோது, அம்மாவும் அப்பாவும் குடியுரிமை இல்லாமல் தங்க மட்டும் அனுமதி பெற்ற சிவப்பு அடையாள அட்டைக்காரர்களாகத்தான் இருந்தார்கள். தோட்ட மேனேஜரான துரை வீட்டுச் சமையல்காரிக்கு பெர்மிட் வந்தது. தேயிலைக் காட்டில் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய அப்பாவுக்கு வரவில்லை. “கொஞ்ச நாள் ஊர்ல இருந்துட்டு, சட்டம் தளர்ந்ததும் வந்துடறேன்” என்று கப்பலேறினார். சட்டம் தளரவில்லை. திரும்பி வர அவருக்கிருந்த அனுமதிதான் காலாவதியானது. அதன்பின் ஒரு தடவை வந்துபோகக்கூட அவருக்கு விசா கிடைக்கவில்லை. எனக்கு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தும், அப்பா வராமல் தாலி கட்டக்கூடாது என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். அம்மா பிடித்த பிடியை விட மாட்டாள். எனக்கு வந்த குணமும் அதுதான் என்பார்கள்.

உறுப்பினர்களை வரவேற்க, தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வெள்ளைத் துணியில் சிவப்பு மையால் எழுதி பங்களா வாசலில் கட்டியிருந்தார். ‘அக்கறை நாட்டு அன்பர்களே, வருக வருக.’ கடலுக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் என்று சொல்ல நினைத்தவர், சின்ன ‘ர’ போட வேண்டிய இடத்தில் பெரிய ‘ற’வைப் போட்டுவிட்டார். தோட்டத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. எங்கள் வாயில் இரண்டும் ஒரே சத்தம்தான்.

வந்த இந்திய உறுப்பினர்களில் ஒருவர் தமிழர். காரை விட்டு இறங்கியதுமே அவர் கண்ணில் அது பட்டுவிட்டது. வரவேற்புக் கூட்டத்தில் எழுந்து, “அக்கரைன்னு எழுத நெனச்சு அக்கறைன்னு எழுதியிருக்கீங்க. இதை நான் பிழைன்னு சொல்ல மாட்டேன். அக்கரையில இருக்கிற எங்களுக்கு உங்க மேல என்னைக்கும் அக்கறை உண்டு” என்றார். ஒரே கைதட்டல். கிராணி எழுந்து கும்பிட்டார். தான் வேண்டுமென்றே அப்படி எழுதியதாக அன்று மாலையே தொழிலாளர்களின் லயன் வீடுகளில் சொல்லிக்கொண்டு திரிந்தார். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை.

சமையலறைக் கதவருகில் நின்ற அம்மா, “எதுக்குடி கை தட்டுறாங்க?” என்று கேட்டாள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சின்ன ‘ர’ போட்டால் அந்தப் பக்கத்துக் கரை, பெரிய ‘ற’ போட்டால் ஒருத்தர் மேல் இருக்கும் கரிசனம் என்று விளக்கினேன்.

“அவரு பெரிய ‘ற’தான்னு வாயால சொல்லிட்டாரா?”

“சொல்லிட்டாரு.”

“அப்ப கேட்டுப்புட வேண்டியதுதான்லா.”

சொல்கிறாள், செய்ய மாட்டாள் என்று நினைத்தேன். வந்தவர்கள் நீண்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து காலை முழுவதும் பேசினார்கள். தேநீரும் தண்ணீரும் கொண்டுபோகும்போது காதில் விழுந்ததெல்லாம் மீன்தான். படகு எல்லை தாண்டினால் யார் பிடிப்பது, யார் விடுவது, மீன் இந்தப் பக்கம் குஞ்சு பொரித்து அந்தப் பக்கம் போய்விட்டால் அது யாருடைய மீன். ஒருவரையொருவர் மறுக்காமல் பேசினார்கள். உண்மையிலேயே நல்ல சிநேகிதர்கள் என்றுதான் தோன்றியது.

சாப்பாடு முடிந்து தேநீர் ஊற்றும்போது, அம்மா அந்தத் தமிழ் உறுப்பினருக்குப் பக்கத்தில் கெண்டியோடு நின்றுவிட்டாள்.

“ஐயா, எங்க மேல அக்கறைன்னு சொன்னீங்க. எம் புருசன் உங்க நாட்டுல இருக்காரு. மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். அவரு வர்றதுக்கு ஒரு வழி பண்ணுங்க.”

அவர் கோபப்படவில்லை. நல்ல மனுசன்தான். “அம்மா, விசா கொடுக்க வேண்டியது இந்த நாடு. நாங்க விருந்தாளிங்க, அதுல தலையிடக் கூடாது” என்றார்.

அம்மா மேசையின் அந்தப் பக்கம் போனாள். அங்கே மலேசியக் குழுவின் தலைவர் இருந்தார். எம்.பி.யை எங்கள் ஊரில் வை.பி. என்றுதான் சொல்வார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. அம்மா சந்தையில் பழகிய தன் பாசார் மலாயில், “வை.பி., சுவாமி சயா சானா, சயா சினி” என்றாள். என் கணவர் அங்கே, நான் இங்கே. மீதியை நான் மலாயில் சொன்னேன். அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அவர் அந்த நாட்டுப் பிரஜை. முதலில் அவர்கள் பக்கத்திலிருந்து கோரிக்கை வர வேண்டும்” என்றார்.

இரண்டு நாற்காலிக்கும் நடுவில் அந்த மேசை மட்டும்தான் இருந்தது. அம்மா மேசை முனைக்கு வந்து, இரண்டு பேரும் பார்க்க நின்றாள்.

“காலையிலேருந்து மீனு எந்தப் பக்கம் போவுது, எந்தப் பக்கம் வருதுன்னு பேசினீங்க. ஒரு மனுசன் வர்றதையும் அதோட சேர்த்துப் பேசுங்கய்யா.”

தமிழ் உறுப்பினர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அம்மா சொன்னதை ஆங்கிலத்தில் எல்லோருக்கும் சொன்னார். வை.பி.யும் சிரித்தார். தன் உதவியாளரைக் கூப்பிட்டு அப்பாவின் பேரையும் ஊரையும் வாங்கிக்கொள்ளச் சொன்னார். துரை முகம் சிவந்து போயிருந்தது. ஆனால் வை.பி. சிரித்த பிறகு அவர் என்ன செய்ய முடியும்?

“பேரை எழுதிக்கிட்டாங்க, அவ்வளவுதான். மலையை விட்டு இறங்கறதுக்குள்ள மறந்துடுவாங்க” என்று அம்மாவிடம் சொன்னேன். நான் சொன்னது தப்பு. சில மாதங்கள் கழித்து, பக்கத்து டவுனான தானா ராத்தாவிலிருந்து அரசாங்க ஆபீஸ்காரர்கள் கூப்பிட்டு அனுப்பினார்கள். அந்தப் பக்கம் ஒருவர் சொல்லியிருக்கிறார், இந்தப் பக்கம் ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு ஒரு மாதம் வந்துபோக அனுமதிச் சீட்டு, விசிட் பாஸ், கிடைத்தது. என் கல்யாணத்துக்கு நாங்கள் பஞ்சாங்கம் பார்க்கவில்லை. அப்பாவின் பாஸைப் பார்த்துத்தான் நாள் குறித்தோம்.

தானா ராத்தா பஸ் நிலையத்தில் அப்பா இறங்கியபோது குளிரில் பல் தந்தியடித்தது. இந்தக் குளிரையே அவர் மறந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா தேநீரை ஒரு பீங்கான் கோப்பையில் கொடுத்தாள். பழைய துரையம்மா ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன நீலப்பூப் போட்ட கோப்பை. விருந்தாளி வந்தால்தான் அதை எடுப்போம்.

“இது எதுக்கு? என் டம்ளர் எங்க?” என்றார் அப்பா.

“உங்க பாஸ்ல விசிட்டுன்னு போட்டிருக்காமே. விருந்தாளிக்கு இதுலதான்.”

கேலியாகத்தான் சொன்னாள். அப்பாவும் சிரித்தார். ஆனால் அந்த மாதம் முழுவதும் அவர் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார். எதை எடுக்கவும் அம்மாவைக் கேட்டார். கல்யாணம் நன்றாக நடந்தது. பாஸை நீட்டிக்கக் கேட்டுப் பார்த்தோம். முடியாது என்றார்கள். வை.பி.யின் ஆபீஸிலும், ஒரு தடவை செய்ததே பெரிசு என்றார்கள். அது உண்மைதான்.

கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்பு அம்மா அரிசி களைந்துகொண்டே, “நானும் போறேன்” என்றாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. கல்யாணப் பந்தல்கூடப் பிரிக்கவில்லை. “சிவப்பு அட்டையைக் கொடுத்துட்டுப் போனா திரும்பி வர முடியாதும்மா. தெரியுமா?” என்று கத்தினேன்.

“தெரியும். அவரை இங்க வைக்க ரெண்டு நாட்டு ஆளுங்க சேந்தும் முடியல. நான் அங்க போறதுக்கு யாரு காலையும் புடிக்க வேணாம்.”

அதுவும் உண்மைதான். அம்மா கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவள், பிறந்தது அங்கேதான். போகிறவர்களுக்குக் கதவு எப்போதும் திறந்துதான் இருந்தது. கோபத்தில் நான் பஸ் நிலையத்தோடு நின்றுகொண்டேன், கப்பல்துறைக்குப் போகவில்லை. துணிமூட்டைக்கு நடுவில் அந்தப் பீங்கான் கோப்பையையும் அம்மா சுற்றி எடுத்துப் போயிருக்கிறாள். எனக்கு அப்போது தெரியாது.

சில வருடங்கள் கழித்து, என் பெண் நடக்கப் பழகிய பிறகுதான் நான் துறையூருக்குப் போக முடிந்தது. கோலாலம்பூரில் வரிசையில் நின்று விசா வாங்கினேன். வருகையின் காரணம் என்ன என்று கேட்டார்கள். அம்மாவைப் பார்க்க என்றேன். அதற்கு அவர்கள் வைத்திருந்த முத்திரையிலும் விசிட் என்றுதான் இருந்தது.

ஓட்டு வீட்டு வாசலில் அப்பா என் பெண்ணைத் தூக்கிக்கொண்டார். அவர் அங்கே திண்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அம்மா கறுத்து மெலிந்திருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். கொண்டுபோயிருந்த எங்கள் தோட்டத்துத் தேயிலையைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டு உலை வைத்தாள்.

“எத்தனை நாளைக்குப் போட்டிருக்கான்?” என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“ஒரு மாசம்.”

அம்மா எழுந்து போய், மாடத்திலிருந்து அந்த நீலப்பூக் கோப்பையை எடுத்துக் கழுவினாள்.