அவளே தேர்ந்தெடுத்த ஷாக் அப்சார்பர்

இரண்டு வருடங்களுக்கு முன், எங்கள் மன்னார்குடிப் பக்கத்தில் உளுந்து அறுவடை நடந்துகொண்டிருந்த நேரம். என் மனைவிக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. வாராவாரம் தஞ்சாவூருக்குப் போய்ப் பயிற்சி எடுத்தால்தான் பழையபடி நடக்க முடியும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

தாழ்வான கார்களில் குனிந்து ஏற அவளால் முடியாது. என்னுடைய பழைய அம்பாசிடரில் நிமிர்ந்தபடி உட்காரலாம். ஆனால் வயதான வண்டி, முன்பக்கம் ஒவ்வொரு பள்ளத்திலும் தூக்கிப் போட்டது. ஒருநாள் பயிற்சி முடிந்து வீடு திரும்பியதும், "உங்க செல்லப்பிள்ளை வண்டிய நீங்களே வச்சுக்குங்க. நடக்கலன்னாலும் பரவாயில்ல, இனிமே நான் வரல" என்றாள். அதை அவள் அழுதுகொண்டே சொன்னதில் எனக்குப் பயம் வந்துவிட்டது.

மறுநாளே தஞ்சாவூர் ஒர்க்‌ஷாப்புக்கு ஓடினேன். மெக்கானிக் இரண்டு வழி சொன்னார். முன்பக்கத்தைத் தாழ்த்தி இறுக்கலாம், வளைவில் வண்டி சாயாது. அல்லது உயரத்தை அப்படியே விட்டுவிட்டு, புது மாதிரி ஷாக் அப்சார்பர் மாட்டலாம், குலுக்கலை அது வாங்கிக்கொள்ளும். எனக்கு முதலாவதில்தான் கண். வீடியோக்களில் அப்படித் தாழ்த்திய வண்டிகள் என்ன கம்பீரமாக நிற்கின்றன! தாழ்த்தினால் அவள் குனிந்து ஏற வேண்டிவரும் என்றுகூடத் தோன்றாமல், இறுக்கிவிட்டால் ஆட்டமே இருக்காது என்று நானாக முடிவுகட்டி, மனைவியின் கதையையும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆயில் மாற்றக் காத்திருந்த கூத்தாநல்லூர்க்காரர் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடையதும் அம்பாசிடர்தான், மெக்கானிக் சொன்ன இரண்டாவது வழிப்படி புது ஷாக் அப்சார்பர் மாட்டியது.

"தப்பா நினைக்காதீங்க. அவங்களுக்கு எது தாங்கும்னு நாம இங்க நின்னு எப்படிங்க சொல்றது? நாளைக்கு என் வண்டியக் கொண்டாறேன். அவங்களே உட்கார்ந்து பாக்கட்டும்."

என் பெயரையும் வீட்டுக்கு வழியையும் கேட்டுக்கொண்டார். பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் காலை எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"கொஞ்ச தூரம்தான்மா. வலிச்சா சொல்லுங்க, அங்கேயே திரும்பிடலாம்" என்று அவர் சொன்ன பிறகுதான் என் மனைவி அரைமனதாக முன்சீட்டில் ஏறினாள். அவர் ஓட்டினார், நான் பின்னால். எங்கள் ஊரில் உளுந்துச் செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகள் ஏறி ஏறியே காய் உடைந்துவிடும். அந்த மேடுகளில் வண்டி ஏறும்போதெல்லாம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவளையே பார்த்திருந்தேன். அவளோ ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "இது யார் வீட்டு உளுந்து? நல்லா வெளஞ்சிருக்கே" என்றாள்.

வீடு வந்ததும், "இதையே போடுங்க" என்றாள்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்தேன். சாமான் வர நாளாகும் என்றார்கள். அதைக் கேட்டதும் கூத்தாநல்லூர்க்காரர் தன் கார் சாவியை என் கையில் வைத்தார்.

"அதுவரைக்கும் பயிற்சிய நிறுத்தாதீங்க. இதுலயே கூட்டிட்டுப் போங்க."

நான் மறுத்துப் பேசுவதற்குள் பஸ் ஏறிப் போய்விட்டார். என் பெயர், வீடு, மனைவியின் வலி, இவற்றைத் தவிர என்னைப் பற்றி அவருக்கு வேறெதுவும் தெரியாது.

எங்கள் வண்டி தயாரானதும் அவருடைய காரைத் திருப்பிக் கொடுக்கக் கூத்தாநல்லூர் போனோம். சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்ட என் மனைவி, நான் நீட்டிய கையைப் பிடிக்காமல், தெருவிலிருந்து அவர் வீட்டு வாசல்வரை தானாகவே நடந்துபோய், "இந்தாங்கண்ணே" என்று நீட்டினாள். அவர் சாவியை வாங்கக்கூடத் தோன்றாமல் கண் கலங்கி நின்றார்.

இன்று அவள் கடைத்தெருவுக்குத் தனியாகப் போய்வருகிறாள். அவள் திரும்பி வரும் செருப்புச் சத்தம் வாசலில் கேட்கும்போதெல்லாம், முன்பின் தெரியாத எங்களை நம்பிக் காரை விட்டுவிட்டுப் போன அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன்.