பாஸ்காவுக்குப் போன முந்திரி

மாசி பிறந்த வாரம் எனக்கும் முதலாளிக்கும் பெரிய சண்டை. ஜெயங்கொண்டம் பக்கத்தில் எங்கள் முந்திரி ஃபேக்டரி. ஏற்றுமதி டிஸ்பாட்ச் என் பொறுப்பு. இஸ்ரேலுக்குப் போகும் கன்டெய்னரை மாசிக் கடைசியில் ஏற்றினால் போதும் என்றார் அவர்; இப்போதே ஏற்றவேண்டும் என்றேன் நான்.

"போன வருசம் பாஸ்கா சித்திரா பௌர்ணமிக்குத்தானம்மா வந்துச்சு? ஏன் இப்பவே பறக்குற?"

பாஸ்கா யூதர்களின் பெரிய பண்டிகை. அந்த வாரம் புளிக்கவைத்த ரொட்டியைத் தொடமாட்டார்கள். மாவு போடாத பலகாரத்துக்கு முந்திரியும் பாதாமும்தான். கப்பல் போய்ச் சேரவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். பண்டிகை முடிந்து போய் இறங்கினால் நம் சரக்கை யார் சீந்துவார்கள்? இந்த ஆர்டர் கைவிட்டுப் போனால், தரம் பிரிக்கும் கிரேடிங் பெண்களில் பாதிப் பேரை நிறுத்த வேண்டிவரும் என்று முதலாளியே சொல்லியிருந்தார். தினமும் என்னோடு டீ குடிக்கிற பெண்கள்.

சரக்கு வாங்குகிறவரின் ஆபீசுக்கே ஃபோன் போட்டேன். அங்கிருந்த பெண் பொறுமையாக விளக்கினார். அவர்களுக்கு நிலவைப் பார்த்துத்தான் மாதம். பாஸ்கா, நிசான் மாதப் பௌர்ணமியில் வரும். நிலாக் கணக்கில் வருஷம் கொஞ்சம் குறையும். அப்படியே விட்டால் வசந்தகாலப் பண்டிகை குளிர்காலத்துக்குள் போய்விடும். அதனால் சில வருஷங்களில் நிசானுக்கு முந்தைய அதார் மாதத்தை இரண்டு முறை வைக்கிறார்கள். போன வருஷம் அப்படி வைத்ததால்தான் சித்திரை வரை போனது. இந்த வருஷம் பங்குனிப் பௌர்ணமி!

இதைச் சொன்னதும் முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஒரு மாசம் முன்னாடியா? கெட்டுது போ!"

"ஒண்ணும் கெடலைங்க. நீங்க தூத்துக்குடியில கப்பல புக் பண்ணுங்க. மத்தத நாங்க பாத்துக்குறோம்."

கிரேடிங் ஹாலில் போய் விஷயத்தை உடைத்துச் சொன்னேன். அந்தப் பெண்களில் மூத்தவளான வசந்தா முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"பேச நேரமில்ல, மூட்டைய அவுருங்கடி!"

ஞாயிற்றுக்கிழமையும் வேலை நடந்தது. தரம் பிரித்து, டின்னில் அடைத்து, கன்டெய்னர் சீலாகிக் கேட்டைத் தாண்டியபோது ஹாலே விசிலடித்தது.

பங்குனி உத்திரத்துக்கு முன்பே அந்த ஆபீஸ் பெண்ணிடமிருந்து படம் வந்துவிட்டது. அவர்கள் ஊர்க் கடையில் எங்கள் முந்திரி! கூடவே, புரட்டாசியில் வரும் அவர்களுடைய புத்தாண்டுக்கு இரண்டு மடங்கு ஆர்டர். யாரையும் நிறுத்தவில்லை, புதிதாக ஆள் எடுத்தோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதைச் சொல்ல என்ன வெட்கம்?

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். பண்டிகை யாருடையதோ, தேதியை அவர்களிடமே கேளுங்கள்.

புத்தாண்டு ஆர்டரைப் பார்த்த முதலாளி, "ஏம்மா, போன வருசம் இது எப்ப..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு அவரே ஃபோனை எடுத்தார்.

"இரு, அவங்களையே கேட்டுடுறேன்."