சவரி சார் மடித்துக் கொடுத்த பிளாக்

சவரி சார் காலையில் இறந்துவிட்டார் என்று வாட்ச்மேன் வந்து சொன்னார். என் வாயில் முதலில் வந்தது, "ஐயையோ, அவரு பேன்ட் ரெண்டு இங்க கீதே!"

வாட்ச்மேன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... வேண்டாம், விடுங்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மந்தைவெளியில் என் இஸ்திரி வண்டிக்கு எதிர் ஃபிளாட்டில் இருந்தவர் சவரிமுத்து சார். பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் மடிப்பு கொஞ்சம் பிசகினாலும் போச்சு. "ஏழுமலை, இத்தப் போட்டுக்கினு போனா ஃபாதரே பிரசங்கத்த நிறுத்திட்டு சிரிப்பாருய்யா" என்பார்.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, வாய் வரும். போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று காட்டி, நெட்டில் கதை போட என் மகள் ஒரு பிளாக் ஆரம்பித்துக் கொடுத்தாள்.

கறை எடுப்பது, கஞ்சி போடுவது, தெரு நாய், யார் வீட்டில் என்ன சண்டை... பேசித் தள்ளிவிட்டேன். நாயைப் பற்றித்தான் அதிகம். என் வண்டிக்கு அடியில்தானே அது குடியிருக்கிறது.

அதில் ஒன்று, சாரின் மனைவி பிலோமினா அம்மா தவறியபோது எழுதியது. அம்மா தன் நீலப் பட்டுப் புடவையை மட்டும் என்னை நம்பிக் கொடுத்துவிட்டுப் போகமாட்டார். வண்டி பக்கத்திலேயே நின்று, "மெதுவா ஏழுமலை, அது உன் லுங்கி இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அதைத்தான் எழுதியிருந்தேன்.

ஒரு நாள் சார் வந்தார். கையில் துணி இல்லை, போன்.

"யோவ், அவளை எங்கய்யா வச்சிருக்க? காலையிலேர்ந்து தள்ளிக்கினே கீறேன், நாய்தான் வருது."

"அடியில கீறாங்க சார், இன்னும் தள்ளுங்க."

"விரல் தேயுதுய்யா. டேக் போடு."

டேக் என்றால் என்னவென்று கேட்டேன். வண்டியில் கிடந்த ஒரு சட்டையின் காலரைத் திருப்பினார். எந்த வீட்டுத் துணி என்று தெரிவதற்காக நான் வைத்த நீலப் புள்ளி.

"இதான். கதைக்கும் இப்படி ஒண்ணு வை. அதைத் தொட்டா அந்தக் கதை மட்டும் வரும். ஒரே கதைக்கு ரெண்டு மூணு கூட வைக்கலாம்."

"ஒரு சட்டைக்கு ரெண்டு வீட்டுப் புள்ளி வச்சா அடிதடிதான் சார்."

"கதைக்கு எவனும் அடிச்சிக்க மாட்டான். போனைக் குடு."

வண்டி நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, என் பிளாக் மொத்தத்தையும் மூட்டை பிரிக்கிற மாதிரி பிரித்தார். கறை தனி, கஞ்சி தனி, நாய் தனி. "சண்டைக்கு இன்னா பேரு வைக்கிறது? உன் பேரையே வச்சிடட்டா?" என்று நடுவில் ஒரு குத்து வேறு.

கடைசியாக 'பிலோமினா' என்று ஒன்று போட்டார். அதைத் தொட்டால் ஒரே ஒரு கதைதான் வந்தது.

"ஒண்ணே ஒண்ணுக்கு எதுக்கு சார் டேக்கு?"

"எனக்கு அந்த ஒண்ணுதான்யா வேணும்" என்றார். ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மேலே போய்விட்டார்.

அதற்கப்புறம் அடிக்கடி பால்கனியிலிருந்து போனைத் தூக்கிக் காட்டுவார். கிடைத்துவிட்டதாம். நானும் பதிலுக்கு இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக் காட்டுவேன்.

அந்த இரண்டு பேன்ட்டில் கறுப்பு பேன்ட்டை, அவருக்குப் போட்டுவிட என்று வீட்டிலிருந்து வந்து வாங்கிப் போனார்கள். மடிப்பு கத்தி மாதிரி நின்றது சார். அடக்கப் பூசையில் ஃபாதர் சிரிக்கவில்லை, நான் பார்த்தேன்.

போய் வாங்க சார்... அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்க.

இதையே பிளாகில் பேசிப் போட்டேன். அம்மா பக்கத்திலேயே இருக்கட்டும் என்று 'பிலோமினா' டேக்கை நானே வைத்தேன். விரல் எங்கேயோ பட்டு, பிளாகில் இருக்கிற எல்லாக் கதைக்கும் அந்த டேக்கே விழுந்துவிட்டது. எப்படி எடுப்பது என்று தெரியவில்லை.

இப்போது பிலோமினா என்று தொட்டால் உச்சியில் சார் வருகிறார். அடியில் அம்மா இருக்கிறார். நடுவில் முழுக்க நாய்.