மெதுவாகப் படிக்கிற ஆள்

ஒரு சுத்தியலோடும் இரவல் வெல்டிங் மெஷினோடும் தொழிலுக்கு வந்தவன் நான். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. இன்று இந்த ஊரில் நீங்கள் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் நான் செய்த இரும்பு கேட் ஒன்றாவது உங்களை வரவேற்கும். இதை நான் எங்கே போனாலும் சொல்வேன். சொல்லாமல் விட்டது என் மனைவியைப் பற்றித்தான். அவள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. சபையில் அவளுக்கு நினைவு மலர் அச்சடிக்கிறார்கள். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

அவள் அப்பா வேதக் கோயிலில் மணி அடிப்பவர். பெஞ்சு துடைக்கப் போகிற அப்பாவோடு போய், வேதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தே வளர்ந்தவள். கல்யாணமாகி வந்தபோது அவள் பெட்டியில் நாலு புடவையும், தலையணை உறையில் சுற்றிய வேதப் புத்தகமும்தான் இருந்தன. கீழே பட்டறை, மேலே ஒற்றை அறை. பட்டறைச் சத்தத்தில் இடி விழுந்தால்கூடத் தெரியாது. கரண்ட் போனால் நான் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். அவளோ அடுப்பை அணைத்துவிட்டு முழங்கால் போடுவாள்.

"ஏன், கிரைண்டர் ஓடுறப்ப ஜெபம் பண்ணா கடவுளுக்குக் கேக்காதா?" என்று ஒரு நாள் கிண்டல் செய்தேன்.

"அவருக்குக் கேக்கும். நான் என்ன சொல்றேன்னு எனக்குத்தான் கேக்கல" என்றாள்.

பிள்ளைகள் தவழ ஆரம்பித்தபோது என் செருப்போடு இரும்புத் தூளும் படியேறி வந்தது. பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றி, துணியில் கட்டி, குச்சியில் மாட்டிக்கொண்டாள். வீட்டைப் பெருக்கிய பிறகு அதைத் தரையெல்லாம் இழுப்பாள். துணியில் மீசை முளைத்த மாதிரி தூள் ஒட்டியிருக்கும். மகன், மகள் இரண்டு பேர் காலிலும் ஒரு முள் ஏறியதில்லை. தீப்பொறி பட்டு ஓட்டையான என் சட்டைகளை அவள் தைத்த அழகைப் பார்த்து, பூ வேலை என்று நினைத்தவர்கள் உண்டு.

கேட் செய்யச் சொன்ன வீட்டுக்காரர்கள் வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமைதான் என்பதால் கேட் மாட்டுவதும் அன்றைக்குத்தான். கோயிலில் அவள் தன் பையைப் பக்கத்தில் வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பாளாம். கேட் அக்கா சுருங்கி, அவளுக்கு அங்கே கேட்டக்கா என்றே பெயர்.

"கேட்டக்கா, அண்ணன் வரலையா?"

"கேட் மாட்டப் போயிருக்கார். வந்துடுவார்."

"இத்தனை வருஷமா மாட்டுறாரே. பரலோகத்துக்கும் அவர்தான் கேட் போடுறாரா?"

இதை அவளே வந்து சிரித்துக்கொண்டு சொன்னாள். நானும் சிரித்தேன். சிரித்ததோடு விடாமல், பரலோக கேட் ஆர்டரும் எனக்குத்தான் என்று பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன்.

சர்க்கரை வியாதி கடைசியில் அவள் கண்ணைப் பிடித்தது. வேதத்தை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தாள், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள், பிறகு மூடி வைத்துவிட்டாள். ஒரு நாள் மதியம் நான் சாப்பிட்டுக் கை துடைக்கும்போது கேட்டாள்.

"என்னங்க, ஒரு அதிகாரம் படிச்சுக் காட்டுறீங்களா?"

"எனக்கு ஏது நேரம்? கீழ பத்துப் பேர் நிக்கிறான்."

நேரம் இருந்தது. எழுத்துதான் என் வாயில் ஒவ்வொன்றாக நொண்டும். அது அவளுக்குத் தெரியாது என்றே நான் நம்பியிருந்தேன். எந்தக் காகிதம் வந்தாலும், "கண்ணாடி கீழ இருக்கு, நீயே படி" என்று அவளிடம் நீட்டிவிடுவதுதான் வழக்கம்.

மறுநாளே கடையில் இருந்ததிலேயே உசத்தியான மெஷின் ஒன்று வாங்கினேன். முழு வேதமும் அதில் பேசும். அதோடு விட்டேனா? சதுரக் குழாயை அறுத்து, சக்கரம் வைத்து, பெயிண்ட் அடித்து அதற்கு ஒரு ஸ்டாண்டும் செய்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ராஜா மாதிரி நின்றது. அவள் தடவிப் பார்த்து, "வெல்டிங் தடமே தெரியல, நல்லாருக்கு" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சில வாரம் கழித்து மகள் வந்திருந்தாள். பட்டறைக்கு இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, அம்மா அந்த மெஷினைக் கேக்குறதே இல்ல. நீங்க மேல வர்ற சத்தம் கேட்டாத்தான் போடுறாங்க."

"ஏன், ரிப்பேரா?"

"அது கடகடன்னு படிக்குதாம். நிறுத்தி யோசிக்க விடமாட்டேங்குதாம்."

"அப்ப மெதுவாப் படிக்கிறதா ஒண்ணு வாங்குவோம்."

"மெதுவாப் படிக்கிற ஆள் வீட்லயே இருக்காராமே."

காது சூடாகிவிட்டது. "உங்கம்மா என்னைக் கேலி பண்றாளா?"

"கேலி இல்லப்பா. உங்களுக்கு வாசிக்க வராதுன்னு கல்யாணமான முதல் வாரமே தெரியுமாம். உங்க வாயால ஒரு தடவை கேக்கணுமாம், அவ்வளவுதான்."

தெரிந்தும் ஆயுசு முழுக்க என் கண்ணாடிப் பொய்யைக் காப்பாற்றியிருக்கிறாள். நியாயமாக அந்த நிமிஷமே நான் படியேறியிருக்க வேண்டும். ரோஷம் விடவில்லை. மழைக்காலம் முக்கால்வாசி போகும்வரை வீம்பாக இருந்தேன்.

ஒரு நாள் மழையால் வேலை நின்றது. மேலே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். புத்தகத்தை நீட்டினாள். வேதத்தில் பாட்டாக வரும் ஒரு சங்கீதம். ஒரு வரியைக் கடப்பதற்குள் கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. அவளுக்கு அது மனப்பாடம். உதடு எனக்கு முன்னால் போய்க் காத்துக்கொண்டிருந்தது.

"தெரிஞ்சா சொல்லித் தொலையேன்."

"நீங்களே சொல்லுங்க. நான் எங்க போகப்போறேன்?"

பாதி தாண்டியிருக்கமாட்டேன். கீழேயிருந்து மேஸ்திரி, "முதலாளி, கான்ட்ராக்டர் வந்துருக்கார்" என்று கூப்பிட்டான். "மீதியை நாளைக்கு" என்று எழுந்தேன். படி இறங்கும்போது என்ன நினைத்தேன் தெரியுமா? தப்பித்தோம் என்று நினைத்தேன்.

மறுநாள் ஒரு பள்ளிக்கூடத்து கேட். அதற்கு மறுநாள் வேறொன்று. அவள் திரும்பக் கேட்கவில்லை. அந்த வாரமே சமையலறையில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் நினைவு திரும்பவில்லை. புத்தகத்தை எடுத்துப்போய், மீதியை அவள் காதோரம் படித்தேன். பட்டறையில் கத்திப் பழகிய தொண்டை. "ஐயா, சத்தம் கொஞ்சம் கம்மியா" என்று நர்ஸ் வந்து சொன்னார். குரலைத் தணித்து முடித்தேன். அவள் உதடு அசையவில்லை.

மலரின் கடைசிப் பக்கத்துக்கு மகன் நாலு வரி எழுதி வந்து நேற்று படித்துக் காட்டினான். அதில் ஒரு வரி: கணவர் அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

"அதை எடுத்துடு" என்றேன்.

"எல்லாரும் போடுறதுதானேப்பா. அம்மா இருந்திருந்தா முதல்ல இதைத்தான் போடச் சொல்லியிருப்பாங்க."

"அதனாலதான்டா வேண்டாங்கிறேன்."