மணிக்கட்டில் சுற்றிய கயிறு

தெல்தெனியவில், விக்டோரியா நீர்த்தேக்கத்தில் கயாக் படகில் மீன் பிடிக்கும் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கரை நெருங்கியதும் படகின் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, முன்பக்கமாகக் குதித்து இழுப்போம். விட்டால் காற்று படகைக் கொண்டுபோய்விடும்.

அந்தப் பழக்கத்தோடுதான் சென்ற வருடம் மைத்துனர் ரவியுடன் நிலாவெளிக் கடலில் இறங்கினேன். ஆழத்தில் நல்ல பாரை மீன் கிடைத்த சந்தோஷத்தில் திரும்பினோம். ரவி தன் படகோடு முதலில் கரையேறிவிட்டார். நான் வழக்கம்போலக் கயிற்றைச் சுற்றிக்கொண்டு குதித்து, படகுக்கும் கரைக்கும் நடுவே நின்றேன்.

"மச்சான், பின்னால அலை! கயித்த விட்டுட்டு விலகுங்க!" என்று ரவி கத்தினார்.

கயிறு அவிழவில்லை. அலை படகைத் தூக்கி என் வாயில் அறைந்தது. தண்ணீர் பின்வாங்கியபோது படகு என்னையும் மணலில் குப்புற இழுத்துக்கொண்டு போனது. அடுத்த அலை அதே படகால் தோளில் இடித்தது. எலும்பு முறிந்த சத்தம் தண்ணீருக்குள்ளேயே கேட்டது. ரவி பாய்ந்து வந்து கயிற்றைக் கத்தியால் அறுத்திருக்காவிட்டால், இதை எழுத நான் இல்லை.

இப்போது நீர்த்தேக்கத்திலும் நான் கயிற்றைக் கையில் சுற்றுவதில்லை. படகை முன்னால் விட்டு, பின்பக்கமாகவே இறங்குகிறேன்.

"இங்க ஏதுங்க அலை?" என்று கூட்டாளிமார் சிரிப்பார்கள்.

நானும் சிரித்துக் காட்டுவேன். முன்பற்கள் இருந்த இடத்தைப் பார்த்ததும், தங்கள் மணிக்கட்டுக் கயிற்றை அவிழ்ப்பார்கள்.