ஒரு புடவைக்கு ஒரு பாட்டு

எங்கள் வீட்டில் யாரும் சர்ச்சுக்குப் போனதில்லை. ஆனால் வேலூரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் ஐந்து வருஷம் படித்ததில், காலைப் பிரார்த்தனையில் பாடிய இயேசு பாட்டு ஒன்று என்னிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது. நாலே வரி. நெற்றி நிறைய விபூதியோடு முதல் வரிசையில் நின்று எல்லோரையும்விட உரக்கப் பாடியவள் நான். கணக்கும் வரலாறும் மறந்துபோயின. அது மட்டும் போகவேயில்லை. கல்யாணமாகிக் கண்ணமங்கலத்திலிருந்து சேவூருக்கு வந்தபோதும் கூடவே வந்தது.

புகுந்த வீட்டில் பட்டுத்தறி. என் வீட்டுக்காரர் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து புடவையின் உடலை நெய்வார். அவருடைய அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு மட்டும் நூல் ஓட்டும் நாடாக்கட்டையைத் தள்ளுவார். அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணிக்குச் செய்யாறு பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. ஒண்ணாம் தேதியிலிருந்து கம்பெனி பஸ் ஏறவேண்டும். அவர் இடத்தில் நானா, கூலிக்கு வெளி ஆளா என்று பேச்சு வந்தது.

எனக்கு அந்த இடம் வேண்டும். காரணம் அற்பமானதுதான். சமையல்கட்டில் வாய்விட்டுப் பாடினால், "யாராண்ட பேசிகினு கீற?" என்று கேட்பார்கள். தறியில் பாடினால் அப்படி ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

"ஒரு புடவ நெய்ங்க. பாத்துட்டு சொல்றேன்," என்றார் அண்ணி.

நெய்தோம். நான் பாடினேன், அப்படிப் பாடினேன்! இயேசு பாட்டு, மாரியம்மன் பாட்டு, பஸ்ஸில் கேட்ட சினிமாப் பாட்டு, ஒன்றையும் விடவில்லை. முடிந்ததும் அண்ணி புடவையை வாசல் வெளிச்சத்தில் விரித்து, விரலால் தடவிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நின்றார்.

"இங்க பாட்ட மாத்திகினியா?"

குனிந்து பார்த்தேன்.

"இதோ பாரு, குத்துப் பாட்டு. நெருக்கி அடிச்சி கீது. இங்க இழை தளந்து போச்சு. இன்னா, அழுவாச்சிப் பாட்டா?"

உண்மைதான். பாட்டு ஓடினால் என் கையும் ஓடும். என் நாடா வந்ததும்தான் என் வீட்டுக்காரர் பலகையை இழுத்து இழையை நெருக்கி அடிப்பார். அந்த அடியும் பாட்டோடு போய்விடும். துணியில் அத்தனையும் பதிந்திருந்தது. என் வீட்டுக்காரர் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை.

"இன்னொண்ணு நெய்ங்க. அதுவும் இப்பிடி வந்தா வெளி ஆளுதான்."

அடுத்த புடவைக்கு வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். வாய் மூடினால் தலை மூடுமா? உள்ளே நாலு வரியும் ஓடிக்கொண்டே இருந்தன. துணியோ முன்னைவிட மோசம். மூன்றாம் நாள் பொறுக்கமுடியாமல் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"உங்க தலைக்குள்ள இன்னா ஓடுதுங்க?"

"முருகர் பாட்டு," என்றார் வெட்கத்தோடு.

ஒரே தறியில் ரெண்டு தாளம்! அதுவரை நெய்ததையெல்லாம் பிரித்துவிட்டு, அவர் பாட்டையே சேர்ந்து பாடினோம். நிதானமாகத்தான் ஆரம்பித்தது, போகப்போகக் காவடி ஆடத் தொடங்கிவிட்டது. அதையும் பிரித்தோம். பிறகு தயங்கித் தயங்கி என் பாட்டை எடுத்தேன். முதல் வரியில் எந்த நடையோ கடைசி வரியிலும் அதே நடை.

"அட, இது ஒரே மாதிரி விழுது," என்றார் அவர்.

சுவரில் காலண்டர் முருகர் பார்த்துக்கொண்டிருக்க, பதினைந்து நாள் காலையிலிருந்து சாயங்காலம்வரை அந்த நாலு வரியேதான். முதல் நாள், இயேசு பெயர் வரும்போதெல்லாம் அவர் பயபக்தியாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கைய எடுக்காதீங்க, அடி தப்பிப் பூடும்!" என்று கத்தினேன். சலித்ததா என்றால் இல்லை. நூறாவது தடவைக்கு மேல் பாட்டு தானாகவே வந்தது, கைகளும் தானாகவே போயின. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குமுன் இருந்ததில்லை.

முப்பதாம் தேதி அண்ணி புடவையை விரித்தார். முந்தானையிலிருந்து விரல் கிளம்பியது. பாதிப் புடவை தாண்டியது, முக்கால் தாண்டியது. விரல் எங்கேயும் நிற்காமல் மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தது.

"நாளைக்கு ஜல்தியா எழுந்து என் எடத்துல குந்து," என்றார்.

ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"ஐயோ, பட்டு கசங்குதுடி, வுடு!" என்று கத்தினார். ஆனால் அவர் கை என் முதுகிலிருந்து எடுபடவில்லை.